சைலன்சர் இல்லாத உங்கள் மோட்டார் சைக்கிள்

இஞ்சேருங்கோ,

இருபத்திரண்டு வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். ஒருநாளும் வாயால் பெயர் சொன்னதில்லை. இனிமேல் என்ன பெயர்? கடிதத்தையும் அப்படியே தொடங்குகிறேன். மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும், இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

முதலில் வீட்டுப் புதினம். கிணற்றடி வாழை குலை தள்ளியிருக்கிறது. கனடாவில் இருந்து எங்கள் மகன், தம்பி, எழுதிய கடிதம் எங்கெங்கோ சுற்றி மூன்று மாதம் கழித்து வந்து சேர்ந்தது. அங்கே முழங்கால் அளவுக்குப் பனியாம், கையுறை போடாவிட்டால் விரல் விறைத்துப்போகுமாம். இங்கே மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சொட்டு மண்ணெண்ணெயில் விளக்கு எரிக்கிறோம். சவர்க்காரம் இல்லாமல் பனம்பழம் போட்டு உடுப்புத் தோய்க்கிறோம். உரும்பிராய் முழுவதும் பனம்பழ வாசம், மாடுகள் எங்கள் சேலையை முகர்ந்து பார்க்கின்றன. பெற்றோல் என்ற சாமானைச் சனம் மறந்துகொண்டு வருகிறது.

நானும் ஒன்றை மறந்துகொண்டு வருகிறேன். அதுதான் இந்தக் கடிதம்.

நீங்கள் போய் மூன்று வருடமும் சொச்சமும். உங்கள் முகம் சுவரில் இருக்கிறது. கையெழுத்து, நீங்கள் தோட்டம் தோட்டமாகப் போய் எழுதிய கொப்பிகளில் இருக்கிறது. குரலும் எங்கும் போகவில்லை, தம்பியின் தொண்டையில் அப்படியே இருக்கிறது. போய்க்கொண்டிருப்பது உங்கள் மோட்டார் சைக்கிளின் சத்தம். பின்னேரம் நாலரைக்கு வைரவர் கோயில் முடக்கில் அது திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். கேத்திலை அடுப்பில் வைப்பேன். நீங்கள் படலையைத் திறக்கும்போது தண்ணீர் கொதிக்கும். எத்தனை ஆயிரம் தரம் கேட்ட சத்தம்! இப்போது நினைத்துப் பார்த்தால் வருகிற மாதிரி வந்து, முடக்கிலேயே நின்றுவிடுகிறது.

கனவில் வருகிறீர்கள். வெள்ளைச் சேட்டு, சப்பாத்தெல்லாம் செம்மண். படலையைத் திறந்து மோட்டார் சைக்கிளை உள்ளே கொண்டு வருகிறீர்கள். ஆனால் அது ஒரு சத்தமும் இல்லாமல், நிலத்தில் சில்லுப் படாமல், தண்ணீரில் மிதக்கிற மாதிரி வருகிறது. நான் குசினிக்குள் நிற்கிறேன். நீங்கள் வந்ததே தெரியாமல் வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்கிறேன். கொஞ்ச நேரம் முற்றத்தில் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வந்த வழியே போய்விடுகிறீர்கள். இந்தக் கனவு மூன்று தரம் வந்தது. மூன்றாம் நாள் விடிய எழும்பி, மாட்டுக் கொட்டிலில் மோட்டார் சைக்கிளை மூடிக் கிடந்த வைக்கோலை விலக்கினேன். அந்தச் சத்தம் முழுதாக மறந்துபோவதற்கு முன் ஒருதரமாவது கேட்டுவிட வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

சிரிக்காதீர்கள். அந்த இரும்பை நான் எவ்வளவு திட்டினேன் என்று எனக்கும் ஞாபகம் இருக்கிறது. என்னைக் கட்ட முன்னரே வாங்கியது என்றபடியால் "உங்கடை மூத்த பெண்சாதி" என்று பெயர் வைத்தவளே நான்தான். விவசாயப் போதனாசிரியருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டும், சரி. வெள்ளைக்காரன் காலத்துச் சைக்கிளை ஒவ்வொரு ஞாயிறும் கழற்றி, துடைத்து, பூட்டி, திரும்பக் கழற்ற வேண்டுமா? என் பழைய நூல் சேலை எல்லாம் அதற்கு எண்ணெய்த் துணியாகப் போனதுதானே.

எண்பத்தேழில் ஊர் குழம்பியபோது, மோட்டார் சைக்கிள் உள்ள வீட்டுப் படலையில் துவக்குக்காரர் ஆள்மாறி ஆள் வந்து நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொடுத்தால் திரும்பி வராது. கொடுக்காமலும் இருக்க முடியாது. நீங்கள் அதிலிருந்து மூன்று சாமானைக் கழற்றினீர்கள். பெற்றோல் தாங்கி. பிளக்குக்கு நெருப்புக் கொடுக்கும் மக்னீற்றோ. சைலன்சர். ஒவ்வொன்றாகச் சாக்கில் சுற்றித் தள்ளு சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய், உங்களுக்கு நம்பிக்கையான தோட்டக்காரர் வீடுகளில் வைத்துவிட்டு வந்தீர்கள். கேட்டு வந்தவர்களுக்கு மிச்ச எலும்புக்கூட்டைக் காட்டினீர்கள், அவர்களும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள்.

கடைசிச் சாமானையும் கொடுத்துவிட்டு வந்த பின்னேரம் குசினி வாசலில் வந்து நின்றீர்கள்.

"இஞ்சேரும், கேக்கிறீரே? இதை எழுதி வைக்கேலாது. நீர்தான் ஞாபகம் வச்சிருக்கவேணும்."

"ஓம் ஓம், காது திறந்துதான் கிடக்கு. சொல்லுங்கோ."

"தாங்கி சண்டிலிப்பாயிலை, கந்தையா வீட்டிலை. மக்னீற்றோ அச்சுவேலியிலை, செல்லம்மாக்காவிட்டை. சைலன்சர்..."

அந்த இடத்தில் நான் அகப்பையால் சட்டியைத் தட்டினேன். தெரியாமல் இல்லை, வேண்டுமென்றே தட்டினேன். எங்கள் பதுங்குகுழி அரையும் குறையுமாகக் கிடக்கிறது, எனக்கும் தம்பிக்கும் ஒதுங்க இடமில்லை, மூத்தாளுக்கு மூன்று வீட்டில் பாதுகாப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் சொல்லி முடிக்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தேன்.

"கேட்டதே?" என்றீர்கள்.

"கேட்டுது, கேட்டுது" என்றேன்.

கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒருநாள் திரும்பக் கேட்டிருக்கலாம். வீம்பு விடவில்லை. பிறகு ஒரு மத்தியானம் சோறு தின்றுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தீர்கள். தேத்தண்ணியோடு வந்து தொட்டுப் பார்த்தேன், நீங்கள் இல்லை.

இந்த வேலைக்கு எனக்கு வாய்த்த ஆள் குருநகர்ச் சூசைப்பிள்ளை அண்ணை. உங்களுக்கு அவரைத் தெரியாது. கடற்கரையில் வீடு ஷெல்பட்டு உடைந்தபிறகு, குடும்பத்தோடு எங்கள் ஒழுங்கைக்கு வந்து இருக்கிறார். மீன்பிடிப் படகுகளின் மிசின் திருத்துகிறவர். படகு மிசினை மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகியவர் என்றபடியால், பெற்றோல் இல்லை என்று அவர் கவலைப்படவில்லை. கொட்டிலில் குந்தி அரை மணித்தியாலம் பார்த்தார்.

"தங்கச்சி, இயந்திரம் நல்லாய்க் கிடக்கு. வச்ச மனிசன் எண்ணெய் விட்டுத்தான் வச்சிருக்கிறார். தாங்கியும் மக்னீற்றோவும் கொண்டுவாரும், ஓடவைக்கிறன்."

"எனக்கு ஓடுறது பெரிசில்லை அண்ணை. அந்தச் சத்தம் வேணும்."

"சத்தமோ? அப்பிடியெண்டால் சைலன்சர்தான் முக்கியம். அது எங்கை?"

மற்ற இரண்டையும் முதலில் கொண்டுவருகிறேன் என்றேன்.

சண்டிலிப்பாய்க்கு முதலில் போனேன். நாற்பத்தெட்டு வயதில் தம்பியின் பழைய சைக்கிளில் மிதித்துக்கொண்டு! தாவடி தாண்டினால் இரண்டு பக்கமும் புகையிலை, வெயிலில் இலையெல்லாம் சோர்ந்து கிடந்தது, தெருவில் ஒரு மோட்டார் வாகனம் இல்லை. எவ்வளவு தூரம் மிதித்தேன் என்றே தெரியவில்லை. நான் நிற்க, தோட்டங்கள் என்னைக் கடந்து போய்க்கொண்டிருந்த மாதிரி இருந்தது. இந்தத் தெருவில்தானே நீங்கள் தினமும் போனீர்கள், ஒருநாளாவது என்னைப் பின்னால் இருத்திக்கொண்டு வந்தீர்களா? நான்தான் கேட்டேனா?

கந்தையா வீட்டில் தாங்கி பத்திரமாக இருந்தது. பத்திரமென்றால், அவருடைய பிள்ளைகள் அதற்குக் கயிறு கட்டிக் குதிரையாக்கி வைத்திருந்தார்கள். ஐந்து வருடம் ஏறியிருந்து தேய்த்ததில் பெயின்ற் எல்லாம் போய், தகரம் வெள்ளிப் பாத்திரம்போலப் பளபளத்தது. கந்தையாவுக்கு வெட்கம், பெண்சாதிக்கு அதைவிட வெட்கம். பனங்கட்டியும் தேத்தண்ணியும் தந்தார்கள். நான் தாங்கியைக் கட்டும்போது சின்னவள் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"எங்கடை குதிரையை ஏன் கொண்டுபோறீங்கள்?"

"இது என்ரை மனிசன்ரை குதிரையடி மோனை" என்றேன். அவள் நம்பவில்லை. படலைவரை அழுதுகொண்டு வந்தாள்.

அச்சுவேலியில் செல்லம்மாக்கா என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுதா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனா. அடுப்புக்கு நேர்மேலே, முகட்டு வளையில், கரிபிடித்த மண்முட்டி ஒன்று தொங்கியது. விதைப் பூசணிக்காயும் சோளப்பொத்தியும் தொங்குகிற அதே கயிற்றில்.

"ஈரம் படப்படாது எண்டு ஐயா சொன்னவர். விதையை வைக்கிறமாதிரிச் சாம்பலுக்குள்ளை தாட்டு, புகையிலை கட்டினனான். ஒவ்வொரு தையும் சாம்பல் மாத்துறனான். பாருங்கோ அம்மா, ஒரு பொட்டுக் கறள் இருக்கோ?"

இல்லை. ஒரு பொட்டுக் கறளும் இல்லை. சாம்பலைத் தட்டி மக்னீற்றோவை என் கையில் வைத்தபோது சூடாகக்கூட இருந்தது, காலையில் புட்டு அவித்த அடுப்பு. எனக்கு அவவைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

சூசைப்பிள்ளை அண்ணை அதைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"தங்கச்சி, இதை ஆர் சமைச்சது?"

உள்ளே சுற்றியிருக்கும் செப்புக் கம்பிக்கு மேலே அரக்குப் பூசியிருக்குமாம். ஐந்து வருட அடுப்புச் சூட்டில் அரக்கு உருகி வழிந்து, கம்பியோடு கம்பி ஒட்டி எல்லாம் கட்டியாகிப் போயிருந்தது. இனி இதில் ஒரு பொறியும் வராது என்றார். எனக்கு வந்த கோபத்தில் அச்சுவேலிக்கே திரும்பப் போய் அந்த முட்டியைப் போட்டுடைத்திருப்பேன். அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. பிறகு யோசித்தேன். ஐந்து வருடமாக ஒவ்வொரு தைக்கும் சாம்பல் மாற்றின அந்த மனுசி எங்கே, சொன்னதைக் கேட்காமல் சட்டி தட்டின நான் எங்கே? செல்லம்மாக்காவுக்கு இந்தக் கதையைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நாளைக்கு அவ அங்கே வந்து சேர்ந்தாலும், நீங்களும் சொல்லிப்போடாதீர்கள்.

இரண்டு நாள் கழித்துச் சூசைப்பிள்ளை அண்ணை ஒரு பொட்டலத்தோடு வந்தார். தன் படகு மிசினின் கொயிலைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். அதிலிருந்து தலைமயிர் அளவு கம்பியை இழை இழையாகப் பிரித்து உங்கள் மக்னீற்றோவில் சுற்றப் போகிறாராம்.

"ஐயோ அண்ணை, உங்கடை தொழிலெல்லே!" என்றேன்.

"கடலுக்கு இப்ப ஆர் விடுகினம்? மிசின் சும்மா கிடந்து உப்புப் பிடிக்குது. ஒண்டெண்டாலும் ஓடட்டுமே."

எட்டு நாள் சுற்றினார். படகுக்குப் பூசும் வார்னிஷைத் தொட்டுத் தொட்டுப் பூசினார். வெடித்த ரயரை, வலை பொத்தும் ஊசியும் தங்கூசி நூலும் கொண்டு தைத்தார். வாய்க்குள் மாதாவுக்கு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியான வெயில் கிடுகு ஓட்டையால் விழுந்து அந்தச் செப்புக் கம்பியில் மின்னும். எனக்குக் கண் சொருகும். ஒருதரம் அவர் குனிந்திருந்த முதுகு உங்கள் முதுகாகவே இருந்தது. "சாப்பிட வாருங்கோ" என்று கூப்பிடப்போய் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் தொடங்கி மாதக்கணக்காகச் சைலன்சரைத் தேடித் திரிந்தேன். உங்கள் கொப்பிகளை எடுத்து, அதிலிருந்த தோட்டக்காரர் பெயர் ஒவ்வொன்றாக வீடு வீடாகப் போனேன். "இவர் உங்களிட்டை ஒரு இரும்புக் குழாய் தந்தவரோ?" என்று கேட்பேன். பாவம், இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் மனமில்லை. ஒருவர் இறைப்பு மிசின் குழாயைக் கொண்டுவந்தார். ஒரு கிழவி அடுப்பு ஊதும் குழலைக் கொண்டுவந்து, "இது உதவுமோ பார் பிள்ளை" என்றா. சில வீடுகளில் ஆட்களே இல்லை, வடக்கே ஷெல் விழும் பக்கத்திலிருந்து எங்கோ எழும்பிப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவரிடம் இருந்திருந்தால்? வரும் வழியெல்லாம் அந்தப் பின்னேரத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள், உங்கள் வாய் அசைகிறது, சட்டிச் சத்தம்தான் கேட்கிறது. எங்கே வைத்தீர்கள்? யாரிடம் கொடுத்தீர்கள்? என்ன பெயர் சொன்னீர்கள்?

கிடைக்கவில்லை. சூசைப்பிள்ளை அண்ணை ஒரு தண்ணீர்க் குழாய்த் துண்டையும் பால்மாத் தகரப் பேணி இரண்டையும் ஒட்டி ஒரு சைலன்சர் செய்தார்.

"சத்தம் முந்தின மாதிரி வராது தங்கச்சி. முதலிலேயே சொல்லிப்போட்டன்."

"பரவாயில்லை அண்ணை" என்றேன். சொன்னது வாய் மட்டும்தான்.

நேற்றுக் காலையில் ஓடவைத்தார். ஒரு மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் கிடைத்தது, எங்கிருந்து என்று கேட்காதீர்கள். அதைக் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு உதைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, பதினேழு உதை. நான் எண்ணிக்கொண்டு நின்றேன். பதினெட்டாவது உதைக்கு இருமியது. அடுத்ததுக்குப் பிடித்துக்கொண்டது! கோழிகள் சிதறின. வெள்ளைப் புகை கொட்டில் முழுக்க. அவர் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, ஏறியிருந்து, ஒழுங்கையால் வைரவர் கோயில் முடக்குவரை போனார். நான் குசினிக்குள் ஓடிப்போய், வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்று கண்ணை மூடினேன்.

முடக்கில் திரும்பியது. வந்தது. பேணி கிலுங்கிக்கொண்டு, கரகரத்துக்கொண்டு, இடையில் படீரென்று வெடித்துக்கொண்டு. உங்கள் சத்தம் இல்லை. அதன் சாயலும் இல்லை. யாரோ ஒரு அந்நியன் என் வீட்டுக்கு வருகிற சத்தம். ஐந்து மாதம் அலைந்தது இதற்கா? படலைக்கு ஓடினேன்.

"நிப்பாட்டுங்கோ அண்ணை! உது அவர் இல்லை. நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். ஒழுங்கையில் நின்று, வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதேன்.

சூசைப்பிள்ளை அண்ணை மிசினை நிறுத்த முன், ஒழுங்கையின் மற்றப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஐயா! நில்லுங்கோ ஐயா! போயிடாதையுங்கோ!"

முருகேசண்ணை. எங்கள் ஒழுங்கைக் கடைசியில் மிளகாய்த் தோட்டம் செய்கிறாரே, அவர்தான். சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, எழுபது வயதில் ஓடி வந்தார். கையில் ஒரு மிளகாய்க் கொப்பு. கிட்ட வந்து, சைக்கிளில் இருப்பது யார் என்று கண்டார். அப்படியே நின்றுவிட்டார். கொப்பைப் பிடித்த கை மட்டும் இறங்கவில்லை.

"முருகேசண்ணை," என்றேன், "ஆரெண்டு நினைச்சு ஓடி வாறீங்கள்? அவர் போனது தெரியாதே?"

"தெரியும் பிள்ளை. பாடை காவினவன் நான், எனக்குத் தெரியாதே? சத்தம் கேட்டுது, கால் ஓடிட்டுது."

"கையிலை என்ன?"

"ஐயா வாற சத்தம் கேட்டால் இலையைப் பிடுங்கிக்கொண்டுதான் ஒழுங்கைக்கு வாறது. எல்லாத் தோட்டக்காரரும் அப்பிடித்தான். அவர் இறங்கமாட்டார், மிசினையும் நிப்பாட்டமாட்டார். இலையைத் திருப்பித் திருப்பிப் பாப்பார், என்ன செய்யவேணும் எண்டு சொல்லுவார், அடுத்த வேலிக்குப் போயிடுவார்."

இதை எனக்கு யார் சொன்னார்கள்? அந்தச் சத்தம் எனக்கும் என் அடுப்புக்கும் சொந்தம் என்றல்லவா இருபத்திரண்டு வருடமும் இருந்தேன்! என் வீட்டுக்கு வந்து சேர முன் அது எத்தனை வேலியடியில் நின்று வந்திருக்கிறது.

"ஆனால் உது அவரின்ரை சத்தம் இல்லையே அண்ணை," என்றேன். "பால்மாப் பேணியும் தண்ணிக் குழாயும்."

முருகேசண்ணை சைக்கிளுக்குப் பக்கத்தில் குனிந்து, காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். சூசைப்பிள்ளை அண்ணையும் கையை அசைக்காமல் இருந்தார். இயந்திரம் கரகரவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

"கொஞ்சம் தடிமன் பிடிச்சு மூக்கடைச்சிருக்கு," என்றார். "ஆனா ஆள் அவர்தான்."

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பக் கேட்டேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, ஒழுங்கையிலேயே நின்று, மண்ணெண்ணெய் தீரும்வரை கேட்டேன். தடிமன்தான். ஓம், தடிமன்தான்.

போகும்போது முருகேசண்ணை அந்தக் கொப்பை என் கையில் தந்துவிட்டுப் போனார். யாரிடம் கொடுப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. இப்போது அது இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத் தண்ணீரில் நிற்கிறது. இலை ஓரமெல்லாம் மேலே சுருண்டு, அடியில் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருக்கிறது. உங்கள் கொப்பிகளில் மிளகாய்ப் பக்கங்களைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்து கோழி கிளறிய மாதிரித்தான் இருக்கிறது, ஆனாலும் விடமாட்டேன். விளங்காததை, நீங்கள் வேலை பார்த்த கந்தோரில் இப்போது உங்கள் இடத்தில் இருக்கிறவரிடம் போய்க் கேட்பேன். வெள்ளிக்கிழமைக்குள் முருகேசண்ணையின் வேலியடிக்குப் பதில் போகும். சூசைப்பிள்ளை அண்ணை ஓட்டுவார், நான் பின்னால் இருப்பேன், ஊர் என்னவும் சொல்லட்டும். இறங்கமாட்டோம். மிசினையும் நிப்பாட்டமாட்டோம். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

மிளகாய் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்
உங்கள் பெண்சாதி
பூமணி